மாமாவுக்கும்

மூக்கின் இடது பக்கம்தான், நுனிக்கு ஒரு நெல் அளவு மேலே, அங்கேதான் ஆரம்பித்தது. அரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. வரலாமா என்று வாசலில் நின்று கேட்பதுபோல ஒன்று, வராதே என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சொறியக் கூடாது. கையைத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது, பல்லைக் கடிக்கக் கூடாது, எச்சில் விழுங்குவதைக்கூடக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் பெனிட்டா, மூளையின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் இந்த ஈஈஜி அறையின் டெக்னீசியன். முப்பது நிமிஷம். எதிர்ச் சுவரில் கடிகாரம். பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தது, இப்போது பதினொன்று பதிமூன்று, மூன்று நிமிஷத்துக்கே மூக்கு. தலையில் இருபத்தோரு ஒயர், ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளைப் பசை, அதன்மேல் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே வலைத்துணியால் ஒரு கட்டு. வரும்போது கதவுக் கண்ணாடியில் பார்த்தேன், ஊருக்கு அனுப்பக் கட்டி வைத்த பலாப்பழம் மாதிரி இருந்தேன். இதில் வேடிக்கை, என் ஒயர்கள் எதிலும் சொருகப்படவில்லை. இருபத்தொன்றும் பின்னந்தலையில் ஒரு சடையாகச் சேர்ந்து, தலையணைக்குக் கீழே போய், அங்கே ஒன்றுமில்லாமல் முடிகின்றன. நிஜமாக மிஷினுக்குப் போகும் ஒயர்கள் ஒரு கை தூரத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் சோலைக்கு. சோலைராஜ், என் அக்கா சுந்தரவடிவின் மகன், வயது இருபத்துமூன்று. முதல் ஒயரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, சுவரிடம் சொன்னான்: "மாமாவுக்கும்." பெனிட்டா சிரித்தாள். "மாமாவுக்கு எதுக்குப்பா, மாமா நல்லாத்தானே இருக்காங்க?" "மாமாவுக்கும் மாமாவுக்கும் மாமாவுக்கும்." பெனிட்டா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சொன்னாள்: "என்னை என்னத்தப் பாக்குற? பிள்ளைக்கு மொட்டை போட மடி குடுக்க வரல. காது குத்தவும் வரல. இப்பத் தலையாவது குடு."

அது நியாயம்தான். முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும், எங்கள் பக்கம் அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை, தாய்மாமனுக்கும் இல்லை. ஆனால் சோலைக்கு ஒரு வயதானபோது நான் லெஸ்டரில் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள், லீவு என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்வது என்றே தெரியாத காலம். பெரியப்பா மகன் ஒருவனை உட்கார வைத்து, அவன் சட்டைப் பையில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்து, அதை மடியாகக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். கத்தி தலையில் பட்டதும் சோலை துள்ளி, போட்டோவைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டானாம். இதை அக்கா போனில் சொன்ன விதத்தில் தின்றது அவன் தப்பா, போட்டோவில் இருந்த என் தப்பா என்பது தெளிவாக இல்லை. சாமி மறக்கவில்லை. அன்றிலிருந்து மெதுவாக, அவசரமில்லாமல், என் தலையிலேயே எடுத்துக்கொண்டது. நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பியபோது காதுக்கு மேலே மட்டும்தான் முடி மிச்சம். "சாரோட தலை ரொம்ப வசதி, பசை நல்லாப் பிடிக்குது" என்றாள் பெனிட்டா. வாழ்க்கையில் என் தலையை யாரும் பாராட்டியது அதுவே முதல். பதினொன்று பதினாலு. மூக்கு, நீ இரு. நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும், இதற்கு மேல் என்ன வேண்டும். சொறிய முடியாது, ஏனென்றால் நான் சொறிந்தால் அவனும் சொறிவான். அவன் யாரையும் கண்ணுக்குக் கண் பார்ப்பதில்லை, பார்த்தால் கூசுமாம், சூரியனைப் பார்ப்பது மாதிரி. ஆனால் ஓரக்கண்ணில் அவன் பார்க்காதது எதுவும் இல்லை. பதிவு ஆரம்பிக்கும் முன் நான் ஒரு தரம் இருமினேன், அவனும் இருமினான், திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் பேய் பிடித்த மாதிரி ஆடின. "சார், நீங்க அசைஞ்சா அவரு அசைவாரு" என்றாள் பெனிட்டா, கோபமில்லாமல், "அவரு அசைஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாது." ஆக, இந்த அறையில் சோலையின் மூளைக்கு வெளியே வைத்த பிரேக் நான்தான்.

பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இது மூன்றாவது தடவை. முதல் தடவை நாலாவது ஒயரிலேயே எல்லாவற்றையும் பிய்த்துப்போட்டு, மாடிப்படி இறங்கி, பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டான். இரண்டாவது தடவை வேறோர் ஆஸ்பத்திரியில், பெயர் எதற்கு, மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்றார்கள். மயக்கம் வந்தது, போக மறந்தது. இரண்டு நாள் ஐசியூ. அந்த இரண்டு நாளும் அக்கா அவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள், கீழே வைக்கவில்லை, கீழே வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள். "இனிமே மயக்க ஊசின்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்பதை டாக்டரிடம், கம்பவுண்டரிடம், லிஃப்ட் ஆப்பரேட்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். ஆனால் இந்த முப்பது நிமிஷக் கோடு இல்லாமல் அவன் இரண்டு தரம் விழுந்தது வலிப்பா, வெறும் கிறக்கமா, மாத்திரை எது என்று டாக்டரால் சொல்ல முடியாது. டாக்டர் சொல்லாமல் பால்பாண்டி அண்ணாச்சி கடைக்குள் விடமாட்டார். சாத்தூரில் அண்ணாச்சியின் சேவுக்கடையில் நாலு வருஷமாகச் சோலைதான் பாக்கெட் போடுகிறான். கால் கிலோ. தராசில் வைப்பதற்கு முன்பே கை சொல்லிவிடும், ஒரு சேவு கூட இருந்தால் எடுத்துத் திரும்ப டின்னில் போடுவான், வாயில் போட மாட்டான், அந்த ஒழுக்கம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. இரண்டாவது தரம் விழுந்தது எண்ணெய்க் கொப்பரைக்கு மூன்றடி தள்ளி. அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். "தங்கச்சி, பிள்ளைய நான் வேண்டாம்னு சொல்லல. அவன் இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா எண்ணெய் கொதிக்குதே. டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தரட்டும், மறுநாள் காலையில வந்து உக்காரச் சொல்லு." ஆறு வாரம் ஆகிறது. தினமும் காலை ஆறு மணிக்குக் குளித்து, கடைப் பேர் போட்ட பழுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறான். "இன்னைக்கு லீவா?" என்று கேட்கிறான். "லீவுடா" என்கிறாள் அக்கா. எட்டு மணிக்கு மறுபடி. என்னைப் பார்க்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டுவான், அதுதான் அவன் வணக்கம். அந்தக் கையில் எப்போதும் பூண்டும் மிளகாயும் சேர்ந்த ஒரு வாசம் இருக்கும். இப்போது வெறும் சோப்பு.

பதினொன்று பதினெட்டு. மூக்கு போய்விட்டது, எங்கே போனது என்று தேடக் கூடாது, தேடினால் வந்துவிடும். ஏதாவது யோசி. யோசிக்கலாமா? யோசிக்கக் கூடாது என்று பெனிட்டா சொல்லவில்லை. என் ஒயர்தான் எங்கும் போகவில்லையே, நான் என்ன கண்டபடி யோசித்தாலும் தலையணைக்குக் கீழேதான் கொட்டும். லெஸ்டரில் இருபத்தோரு வருஷம் நான் செய்த வேலையே யோசிக்காமல் இருப்பதுதான். ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளன். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில், வீட்டார் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில். நடுவில் நான் கிடையாது. விதி என்னவென்றால் யார் பேசினாலும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், 'இவர் கேட்கிறார்' என்றெல்லாம் இழுக்கக் கூடாது. ஆகவே ஒரே காலைப்பொழுதில் எனக்கு ஏழாவது மாதம் நடந்தது, எனக்கு மூல நோய் இருந்தது, நானே எனக்கு ஆபரேஷன் செய்யப்போவதாகவும் சொன்னேன். என் வாயில் வந்த அத்தனை 'எனக்கு'களில் ஒன்றுகூட எனக்கு இல்லை. மரபணுப் பிரிவுக்கும் போவேன். அங்கேதான் சோலைக்கு இருக்கும் அதே சங்கதியை, அவனுக்கு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே, வேறொருவர் பிள்ளைக்காகத் தமிழில் சொன்னேன். ஃப்ரஜைல் எக்ஸ், எக்ஸ் குரோமோசோமில் வரும் பிறவிக் குறை. உடையக்கூடிய எக்ஸ் என்றேன், வேறென்ன சொல்ல. எதிரே யாழ்ப்பாணத்துக்காரர், லெஸ்டரில் பஸ் ஓட்டுகிறவர். "உடையக்கூடியதெண்டா, பார்சல்ல ஒட்டுறது மாதிரியோ தம்பி?" என்று என்னிடம் கேட்டார், என்னிடம் கேட்கக் கூடாது, நான் அங்கே இல்லை. டாக்டரிடம் கேட்டேன், டாக்டர் சிரித்தார், அந்தச் சிரிப்பை மொழிபெயர்ப்பதா என்று ஒரு வினாடி திணறினேன். டாக்டர் சொன்னார்: மூளைச் செல்கள் பெரும்பாலும் கத்தப் பிறந்தவை, பக்கத்துச் செல்லைத் தட்டி எழுப்பி, நீயும் கத்து என்பவை. சுமாராக ஐந்தில் ஒன்றுதான் 'சும்மா இரு' என்று சொல்லப் பிறந்தது. அந்தச் சும்மா இரு-வைச் சுமந்து போகும் ரசாயனத்துக்குப் பெயர் காபா. காபா இல்லாவிட்டால் நாம் சிந்திக்க மாட்டோம், வலிப்பு வந்து கிடப்போம். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மரபணு வாயை மூடிக்கொள்வதால் ஒரு புரதம் தயாராவதில்லை, அது இல்லாமல் அந்தத் தடுப்புச் செய்தி சரியாகப் போய்ச் சேருவதில்லை. ஆகவே சட்டையின் லேபிள் உரசுவதும், மிக்சி சத்தமும், எதிரே இருப்பவர் கண்ணும், எல்லாம் ஒரே உரத்தில் உள்ளே வருகின்றன. நான் அதை "பிரேக்" என்று மொழிபெயர்த்தேன். பஸ்காரர் மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டார்: "பிரேக் பிடிக்காத வண்டியை றோட்டில விடக்கூடாதெண்டு சொல்லுறாரோ?" இல்லை ஐயா, இல்லவே இல்லை என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். மொழிபெயர்த்தேன். டாக்டர் இல்லை என்றார், அதற்குப் பிறகுதான் நானும் இல்லை என்றேன். இருபத்தோரு வருஷம் விழுங்கியது. அத்தனை காபாவும் எனக்கே வந்துவிட்டது போல. பாதியைச் சோலைக்குக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் விளக்கு. பெனிட்டா சோலையின் முகத்துக்கு மேலே ஒரு வட்ட விளக்கை இழுத்து வைக்கிறாள். "சோலை, கண்ணை மூடிக்கங்க. லைட்டு மின்னும், ஒண்ணும் பண்ணாது." ஓரக்கண் இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. எனக்கு விளக்கு இல்லை. பெனிட்டா தன் செல்போன் டார்ச்சை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, இன்னொரு கையை அதன் முன்னால் விசிறிபோல ஆட்டுகிறாள். இந்தப் பெண்ணுக்குச் சொர்க்கத்தில் ஏசி அறை உறுதி. கண்ணை மூடுகிறேன். அவனும் மூடுகிறான். இமைக்குள் சிவப்பு, கறுப்பு, சிவப்பு. லாரி. ஊர் திரும்பின முதல் வாரம், நாலு வழிச் சாலையைவிட்டு இறங்கி, குறுகலான பாலத்துக்கு முன்னால், எதிரே ஒரு லாரி ஹெட்லைட்டை மின்னவிட்டது. லெஸ்டரில் எதிரே வருகிறவன் விளக்கை மின்னவிட்டால் 'நீ போ, நான் நிற்கிறேன்' என்று அர்த்தம். என்ன பண்பு என்று நெகிழ்ந்து, கையை உயர்த்தி நன்றி சொல்லி, பாலத்தில் ஏறினேன். இங்கே அதற்கு அர்த்தம் 'நான் வருகிறேன், நீ நில்.' அக்கா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பின் சீட்டிலிருந்து சோலை, ஜன்னலிடம், "லாரி" என்றான், வேறெதுவும் சொல்லவில்லை, உண்மையில் வேறெதுவும் சொல்வதற்கும் இல்லை. லாரிக்காரன் நிறுத்தி இறங்கி வந்தான். "அண்ணே, லைட்டு போட்டேன்லண்ணே?" "போட்டீங்க, அதான் வந்தேன்." அவன் என்னை வெகுநேரம் பார்த்தான், அப்புறம் அக்காவிடம் கேட்டான், "யாருக்கா இவரு, புதுசா?" இதைப் பின்னால் நரம்பியல் டாக்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காபாவும் அப்படித்தான் என்றார். கருவில் இருக்கும் மூளையில் காபா என்றால் 'போ.' பிறக்கும் நேரத்தை ஒட்டி, செல்லுக்குள் உப்பு குறையக் குறைய, அதே செய்திக்கு அர்த்தம் தலைகீழாகி 'நில்' ஆகிவிடும். சோலை மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்த மாற்றம் தாமதமாகிறதோ என்று சந்தேகிக்கிறார்கள். எலிகளில் பார்த்துவிட்டார்கள், பிள்ளைகளில் இன்னும் தேடுகிறார்கள். மருந்து இல்லையா டாக்டர்? கொடுத்துப் பார்த்தார்கள், எலி தேறிவிட்டது, மனிதருக்குத்தான் அவ்வளவாகத் தேறவில்லை. ஆக, எல்லோரும் ஊரின் விதியைக் கற்றுக்கொண்டபின் ஒருவன் மட்டும் கொஞ்சம் லேட்டாக வந்து, விளக்கு மின்னியதைப் பார்த்து நன்றி சொல்லிப் பாலம் ஏறுகிறான். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாயிற்று, அவனை மட்டும் ஏன் எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள்?

பதினொன்று இருபத்தைந்து. பாதி. பெனிட்டா விளக்கைத் தள்ளிவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, திரைக்குத் திரும்பிவிட்டாள். நிம்மதியாக மூச்சு விடலாம் என்று நினைக்கிறேன், நினைத்திருக்கக் கூடாது, வலது கை. சுண்டுவிரல் முதலில். அப்புறம் மோதிரவிரல். கட்டில் துணியின்மேல் யாரோ டைப் அடிக்கிறார்கள், நான் இல்லை. மூன்று மாதமாக இது இருக்கிறது, காபி டம்ளரைத் தூக்கினால் காபி உள்ளே வட்டம் போடுகிறது. ஒரு நாளைக்கு ஆறு காபி குடிக்கிறவனுக்குக் கை ஆடாமல் காலா ஆடும் என்று எனக்கே சமாதானம் சொல்லி, ஆறை நாலாக்கினேன். கை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அறுபதில் கை ஆட ஆரம்பித்து, அறுபத்தைந்தில் நடை தள்ளாட, ஊர் அவருக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தது, சாராயக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதருக்கு. இந்த மரபணுவைச் சும்மா சுமக்கிற ஆண்கள் சிலருக்கு வயதானபின் இப்படி நடுக்கம் வருமாம், சோலைக்கு டெஸ்ட் எடுத்தபோதுதான் தெரிந்தது. அப்பா சுமந்திருந்தால் அக்காவுக்குப் போயிருக்கும், அக்காவிடமிருந்து சோலைக்கு. ஆனால் மகனுக்கு அப்பாவின் எக்ஸ் வராது. இதை நான் எத்தனை குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன், பையன்கள் தப்பித்தார்கள் என்று. என் வீட்டுக்கும் அதே என்று நிம்மதியாக இருந்தேன், ஆறு மாதம் முன்பு இங்கே மாடியில் அந்த மரபணு ஆலோசகர்ப் பெண் சதுரமும் வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரையும்வரை. சதுரம் ஆண், வட்டம் பெண். "உங்க அப்பாவோட அக்கா பேரு?" "பேச்சியம்மாள்." ஒரு வட்டம் போட்டாள். "அம்மாவோட அம்மா பேரு?" "பேச்சியம்மாள்." இன்னொரு வட்டம். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா, நல்லாருக்கே." "ஒரே ஆளும்மா" என்றாள் அக்கா. அந்தப் பெண் பென்சிலை நிறுத்தினாள். "எங்க அப்பா, அவரோட அக்கா மகளைத்தான் கட்டுனாரு" என்று அக்கா பொறுமையாக விளக்கினாள், "அப்ப எங்க அம்மாவுக்கு எங்க அப்பா தாய்மாமன். முறைதானே?" முறைதான். ஆனால் காகிதத்தில் இடமில்லை. அந்தப் பெண் ரப்பரைத் தேடினாள், ஒரு வட்டத்தை அழித்தாள், கோட்டைச் சுற்றிவளைத்துக் கொண்டுவந்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், சொந்தத்துக்குள் கல்யாணம் என்பதற்கு, இரட்டைக் கோடு போட்டாள். அப்பாவிடம் இருந்தது அவர் அக்காவிடமும் இருந்திருக்கலாம், அந்த அக்காவிடமிருந்து அவள் மகளுக்கு, அந்த மகள்தான் என் அம்மா, எனக்கு வந்தது அம்மாவின் எக்ஸ். முன்வாசலில் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தேன், பின்வாசல் திறந்தே கிடந்திருக்கிறது. "நீங்களும் ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துடலாம் சார்" என்றாள் அந்தப் பெண், "உங்களுக்கு மகள் இருக்காங்கன்னு சொன்னீங்க. உங்ககிட்ட இருந்தா அவங்களுக்குக் கட்டாயம் இருக்கும்." பார்க்கலாம் என்றேன். நிலானி, இருபத்திரண்டு வயது, லெஸ்டரில் அவள் அம்மாவோடு இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிறாள், "டெஸ்ட் எடுத்தாச்சாப்பா?" பார்க்கலாம்மா. ஆறு மாதப் பார்க்கலாம்.

கை நிற்கவில்லை. நிறுத்து என்றால் கூடுகிறது. இதென்ன, நில் என்று நான் அனுப்புவது அங்கே போ என்று போய்ச் சேருகிறதா? இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கையைத் தூக்குவதும் அசைவுதான். தொடைக்கடியில் தள்ளலாம், அதற்கு இடுப்பு அசைய வேண்டும். கட்டில் கம்பி மெதுவாகக் கிணுகிணுக்க ஆரம்பிக்கிறது, பதினொன்று முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஓரக்கண்ணில் பார்க்கிறேன். அங்கேயும் ஓர் ஓரக்கண். அப்புறம் அவன் கை, இடது கை, துணியின்மேல், சுண்டுவிரல் முதலில். ஐயோ வேண்டாம்டா. இதை மட்டும் என்னைப் பார்த்துப் படிக்காதே. பெனிட்டா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "யாரு ஆடுறது?" என்கிறாள். "கோட்டுல லேசா வருது. சோலை, அப்படியே இருங்க. இன்னும் எட்டே நிமிஷம்." எட்டு நிமிஷம். அவன் தோள் ஆட ஆரம்பித்தால் கழுத்து ஆடும், கழுத்து ஆடினால் கோடு போச்சு, கோடு போனால் அக்கா மறுபடி செருப்போடு நிற்க வேண்டும், அல்லது நிற்க மாட்டேன் என்று சொல்லி அவன் பழுப்புச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்தே இருக்க வேண்டும், இன்னைக்கு லீவா, லீவுடா, நாளைக்கு, லீவுடா, எல்லாம் என் ஒரு சுண்டுவிரலால். தாய்மாமன் ஒரு தடவை மடி கொடுக்க வரவில்லை, வந்த தடவை கை ஆடி எழுந்து போனான் என்று சொல்வார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் கஷ்டம், அக்காகூடச் சொல்ல மாட்டாள். யோசிக்காதே. கால் கிலோவை யோசி. டின்னுக்குள் கை போகிறது, எடுக்கிறது, தராசு, ஒரு சேவு கூட, எடுத்துத் திரும்பப் போடு, மடி, ஒட்டு. டின்னுக்குள் கை போகிறது. அப்போது ஏதோ ஊர்கிற சத்தம். சோலை தலையை அசைக்கவில்லை. தோளை அசைக்கவில்லை. முகம் சுவர்ப் பக்கமே இருக்க, இடது கை மட்டும் கட்டிலைவிட்டு இறங்கி, நடுவில் இருக்கும் இடைவெளியைத் தாண்டி, பார்க்காமலே என் கட்டில் விளிம்பைத் தடவி, துணியைத் தடவி, என் வலது கையைக் கண்டுபிடித்து, பிடித்துக்கொள்கிறது. காலையில் கை நீட்டுவதுபோல. ஆனால் விடவில்லை. பாக்கெட் மடிக்கிற கை, அமுக்கமான கை. "ஆடாத மாமா" என்கிறான், உதடு திறக்காமல், சுவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. என் கை இரண்டு தரம் துடித்தது. மூன்றாவது தரம் துடிக்கப் பார்த்து, இடமில்லாமல், இருந்துவிட்டது. பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். மறுபடி திரைக்குத் திரும்பிக்கொண்டாள். பிரேக் இல்லாதவன் என்று எழுதி வைத்திருக்கிற பிள்ளையின் கையில், இருபத்தோரு வருஷம் பிரேக்காகவே இருந்தவனின் கை, ஏழு நிமிஷம், ஆறு நிமிஷம். மூக்கு திரும்பி வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

பதினொன்று நாற்பது. "முடிஞ்சுது" என்றாள் பெனிட்டா. "டாக்டர் பாத்துத்தான் என்னன்னு சொல்லணும். ஆனா முப்பது நிமிஷம் சுத்தமா இருக்கு சார், பாக்கறதுக்கு ஒரு ரெக்கார்டு இருக்கு. நடுவுல ஒரு இடத்துல மட்டும் குறுக்க லேசா ஓடுது, அது வலிப்பு இல்ல, வெளியிலேருந்து வந்ததுன்னு நான் பக்கத்துல எழுதிடறேன்." "என்னன்னு எழுதுவீங்க?" என்றேன். "மாமான்னு எழுதறேன்" என்றாள், எழுதவும் செய்தாள். கதவைத் திறந்துகொண்டு அக்கா துண்டோடு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது போல, நேரே சோலையின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பாதத்தை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு, துண்டை என் முகத்தில் எறிந்தாள். "எந்திரி, பசைய வழி. பூதம் மாதிரி இருக்க." மூக்கை ஆசைதீரச் சொறிந்தேன், அரிப்பு அங்கே இல்லை. பெனிட்டா சோலையின் ஒயர்களை ஒவ்வொன்றாக மிஷினிலிருந்து பிடுங்கினாள், அவன் ஒவ்வொன்றையும் எண்ணினான். இருபத்தொன்று. அப்புறம் எழுந்து வந்து என் தலையணையைத் தூக்கினான். என் சடையைக் கையில் எடுத்து, அதன் முனையை, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் விரலை விட்டு, வெகுநேரம் பார்த்தான். "மாமா ஒயர் சொருகல" என்றான்.

"அது வந்து சோலை" என்று பெனிட்டா ஆரம்பித்தாள். அக்கா குறுக்கே வந்து நிதானமாகக் கைப்பையைத் திறந்து சீட்டுகளை எடுத்தாள். "சரி, அடுத்து ரத்தம். பத்தாம் நம்பர் ரூமு. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னால பாக்கணுமாம்." சோலை இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பினான். வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். "மாமாவுக்கும்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "சொருகணும்." நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சீட்டை செய்தித்தாள் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தாள், அவள் கையில் இரண்டு சீட்டு இருந்தது. இரண்டாவதில் அவளுடைய குண்டுக் கையெழுத்தில் என் பெயர், ஞானகுரு, வயது 48, அதற்குக் கீழே மாடி அறைப் பெண் ஆறு மாதம் முன்பு எழுதிக்கொடுத்த டெஸ்டின் பெயர், எழுத்துக்கு எழுத்து. "அக்கா, இது எப்ப..." "நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அக்கா. "அவன் கேக்குறான்."

ஒயரைச் சும்மா ஒட்டலாம், ஊசியைச் சும்மா ஒட்ட முடியாது. பத்தாம் நம்பர் அறை வரைக்கும் ஐம்பது அடி, அதற்குள் யோசித்துவிடலாம் என்று பார்த்தேன், காதோரத்தில் பசை காய்ந்து இழுத்தது, வேறெதுவும் தோன்றவில்லை. அது என்னிடம் இருந்தால் நிலானியிடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? வேறு குடும்பத்துக்கு என்றால் இந்நேரம் இரண்டு மொழியிலும் சொல்லி முடித்திருப்பேன். உள்ளே பச்சைக் கவுன் போட்ட ஒருவர் எங்கள் மூவரையும், என் மண்டையில் மிச்சமிருந்த வெள்ளைப் புள்ளிகளையும் பார்த்துவிட்டு, பஞ்சை நனைத்துக்கொண்டே கேட்டார்: "யாருக்குங்க எடுக்கணும்?" அக்கா கைப்பையை மூடினாள். சோலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு" என்றேன். சொன்னபின் பழக்கத்தில் பின்னால் திரும்பி, இதைச் சொன்ன ஆள் யார் என்று பார்க்கத் தோன்றியது. யாரும் இல்லை. உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன், கை ஆடியது, ஆடட்டும் என்று நீட்டினேன். ஊசி ஏறியது, குழாயில் ரத்தம் வந்தது, அடர்ந்த சிவப்பு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று முகத்தில் காட்டாத சிவப்பு. சோலை சுவரைவிட்டுப் பக்கவாட்டில் ஒரு எட்டு வந்தான். முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பி, ஊசி என் தோலுக்குள் போகும் இடத்தைக் கவனமாகப் பார்த்தான்.

"சொருகியிருக்கு" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, பழுப்புச் சட்டையின் கையை மடிக்க ஆரம்பித்தான்.